கேட் (கணினி வழி வரைவு) மென்பொருளில் நீள்வட்டம் வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் ஒரே உதாரணத்தை வைத்துச் சொல்லப்படுகின்றன: 200 மி.மீ. நீளம், 120 மி.மீ. அகலம் கொண்ட ஒரு நீள்வட்டத் தகடு. நெட்டச்சு 200, குற்றச்சு 120. அரை நெட்டச்சு 100, அரைக் குற்றச்சு 60. இந்த நான்கு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் பிடிபடும்.

ஒரு நீள்வட்டத்தை வரைய எத்தனை விவரங்கள் தேவை?

ஐந்து. மையம் எங்கே என்பதற்கு இரண்டு எண்கள், அச்சுகளின் நீளத்துக்கு இரண்டு, நெட்டச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு ஒன்று. வட்டத்துக்கு மூன்றே போதும். அந்தப் பழக்கத்தில் கடைசி விவரமான சாய்வைக் கொடுக்காமல் விட்டுவிடுகிறோம். ஸ்கெட்ச் முழுதாகக் கட்டுப்படாமல், அதாவது அளவோ இடமோ இன்னும் மாறக்கூடியதாக, நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஆட்டோகேடில் எப்படி வரைவது?

மையத்திலிருந்து தொடங்கும் முறையே குழப்பம் குறைந்தது. கட்டளை வரியில் இ, எல் என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டி எண்டர் கொடுங்கள். அது எலிப்ஸ் கட்டளையின் சுருக்கம். அடுத்து சென்டர் தேர்வுக்காக சி தட்டி எண்டர். மையத்துக்கு 0,0 கொடுங்கள். அச்சின் முனை கேட்கும்போது 100,0 கொடுங்கள். கடைசியாக மற்ற அச்சின் தூரம் கேட்கும், அதற்கு 60. வேலை முடிந்தது.

மையம் தெரியாமல் இரு முனைகள் மட்டும் தெரிந்தால் சென்டர் தேர்வு வேண்டாம். கட்டளை கொடுத்ததும் ஒரு முனையையும் எதிர் முனையையும் காட்டிவிட்டு, மூன்றாவதாக மற்ற அச்சின் தூரத்தைக் கொடுக்கலாம்.

120 என்று கொடுத்தேன், அகலம் 240 வந்துவிட்டது. ஏன்?

முதல் இரண்டு புள்ளிகளால் முழு அச்சைக் காட்டிவிட்டு, அடுத்த அளவையும் முழு அளவாகவே கொடுத்திருப்பீர்கள். ஆட்டோகேடில் மூன்றாவதாகக் கேட்கப்படும் தூரம் எப்போதும் மையத்திலிருந்து எண்ணப்படும் பாதித் தூரம். ஒரே கட்டளையில் ஓர் அச்சு முழுதாகவும் மற்றொன்று பாதியாகவும் கேட்கப்படுவது நல்ல வடிவமைப்பு அல்ல. ஆனாலும் அது பல காலமாக அப்படியே இருக்கிறது, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு விளைவையும் கவனியுங்கள். 120 கொடுத்தபோது அகலம் 240 ஆகிவிட்டதால், இப்போது அதுவே நெட்டச்சு. நீங்கள் முதலில் வரைந்த 200 குற்றச்சாக மாறிவிட்டது. மென்பொருள் எது நீளமோ அதை நெட்டச்சாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் எதை முதலில் வரைந்தீர்கள் என்பதை அது பார்ப்பதில்லை.

ரொட்டேஷன் என்ற தேர்வு எதற்கு?

ஒரு வட்டத் தட்டை அதன் விட்டத்தை அச்சாக வைத்துச் சாய்த்துப் பார்த்தால் கண்ணுக்கு நீள்வட்டமாகத் தெரியும் அல்லவா, அந்தச் சாய்வுக் கோணத்தைத்தான் இது கேட்கிறது. தாளின் தளத்தில் நீள்வட்டத்தைத் திருப்புவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. 0 கொடுத்தால் வட்டம், 60 கொடுத்தால் குற்றச்சு நெட்டச்சில் சரிபாதி. 89.4 பாகைக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது, ஏனென்றால் அதற்கு மேல் போனால் ஏறக்குறைய கோடாகிவிடும். 200-க்கு 120 வேண்டுமென்றால் விகிதம் 0.6, கோணம் 53.13 பாகை. வரைந்து முடித்த நீள்வட்டத்தைத் தளத்தில் திருப்ப ரொட்டேட் என்ற தனிக் கட்டளை இருக்கிறது.

ஃப்ரீகேட் ஸ்கெட்சரில் நீள்வட்டத்தோடு சேர்ந்து தானாக வரும் கோடுகளும் புள்ளிகளும் என்ன? அவற்றை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். இரண்டு கோடுகளும் நெட்டச்சும் குற்றச்சும். இரண்டு புள்ளிகள் குவியங்கள். இவை துணை வடிவங்களே என்பதால் பேட் செய்யும்போது, அதாவது ஸ்கெட்சுக்குத் தடிமன் கொடுக்கும்போது, பொருளில் வராது. அளவும் கட்டுப்பாடும் கொடுக்க உங்களுக்கு இருக்கும் பிடிமானம் இவைதான்.

மைய நீள்வட்டக் கருவியை எடுத்து மையம், நெட்டச்சு முனை, வளைவின் மேல் ஒரு புள்ளி என்று மூன்று கிளிக் செய்யுங்கள். பிறகு மையத்தை ஸ்கெட்சின் மூலப்புள்ளியோடு ஒன்றாக்குங்கள், இரண்டு விடுதலை அளவுகள் (இன்னும் மாறக்கூடிய விவரங்கள்) போய்விடும். நெட்டச்சுக் கோட்டுக்குக் கிடைமட்டக் கட்டுப்பாடு கொடுத்தால் இன்னொன்று போகும். நெட்டச்சுக் கோட்டின் நீளம் 200, குற்றச்சுக் கோட்டின் நீளம் 120. ஐந்தும் முடிந்ததும் ஸ்கெட்ச் முழுதாகக் கட்டுப்பட்டதாக நிறம் மாறும். இங்கே கோடுகள் முனையிலிருந்து முனை வரை போவதால் முழு அளவையே கொடுக்க வேண்டும். ஆட்டோகேடிலிருந்து வருபவர்கள் 60 என்று தட்டிவிட்டு, தகடு ஏன் மெலிந்தது என்று தேடுவார்கள்.

தவறுதலாக அழித்துவிட்டால் நீள்வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, உள் வடிவங்களைக் காட்டும் அல்லது மறைக்கும் கருவியைக் கிளிக் செய்யுங்கள். கோடுகளும் புள்ளிகளும் திரும்பும். ஆனால் அழிந்த கோட்டின் மேல் கொடுத்திருந்த அளவு திரும்பாது, மறுபடி கொடுக்க வேண்டும்.

நெட்டச்சின் அளவைக் குற்றச்சைவிடச் சின்னதாக மாற்றப் பார்த்தால் ஃப்ரீகேட் தகராறு செய்யும். 200 × 120 ஆக இருப்பதை 100 × 120 ஆக்க வேண்டும் என்றால் எண்ணை மட்டும் மாற்றாமல், நீள்வட்டத்தை 90 பாகை திருப்பி வரைந்து 120-ஐ நெட்டச்சாகக் கொடுங்கள். அளவுகள் அட்டவணையிலிருந்து வரும் மாடல்களில் இது எதிர்பாராத நேரத்தில் காலை வாரும். எந்த அளவு பெரிதாக இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாத இடத்தில் நீள்வட்டத்தைத் தவிர்ப்பது நல்லது.

சாலிட்வொர்க்ஸில் இரண்டு அளவும் கொடுத்த பிறகும் நீலமாகவே நிற்கிறது. என்ன விட்டுப்போனது?

சாய்வு. மையப் புள்ளியையும் நெட்டச்சு முனைப் புள்ளியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஹரிசான்டல் உறவைக் கொடுங்கள். மையம் ஏற்கெனவே மூலப்புள்ளியில் இருந்தால் உடனே கறுப்பாகும், அதாவது முழுதாகக் கட்டுப்பட்டுவிட்டது.

குவியங்களை வைத்து வரைய முடியுமா?

முடியும். லிப்ரேகேடில் குவியங்களையும் வளைவின் மேல் ஒரு புள்ளியையும் கேட்கும் கருவியே இருக்கிறது. நான்கு புள்ளி வழியாக வரைவதும், நாற்கரத்துக்குள் அடங்க வரைவதும் அதே பட்டியலில் கிடைக்கும். ரைனோவில் எலிப்ஸ் கட்டளைக்குள் குவியங்களிலிருந்து தொடங்கும் தேர்வு உண்டு. ஆட்டோகேடில் அப்படி ஒன்று இல்லை, கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். அரை நெட்டச்சின் வர்க்கத்திலிருந்து அரைக் குற்றச்சின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால், மையத்துக்கும் குவியத்துக்கும் உள்ள தூரம் கிடைக்கும். நம் தகட்டில் 10000 − 3600 = 6400, எனவே 80 மி.மீ.

ஒரு குவியத்திலிருந்து வரும் ஒலியையும் ஒளியையும் மற்றதில் கொண்டு சேர்க்கும் பிரதிபலிப்பான்களை வரைபவர்களுக்கு இந்த முறைதான் சரி. அவர்களுக்கு நிலையாக இருக்க வேண்டியவை குவியங்கள். அச்சுகள் அவற்றைப் பொறுத்து மாறிக்கொள்ளலாம்.

ரைனோவில் ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியை நகர்த்தியதும் வளைவு முறிந்துவிட்டது. ஏன்?

துல்லியமான நீள்வட்டத்தை நர்ப்ஸ் வளைவாக (கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் வடிவம் பெறும் வளைவாக) சொல்ல, இரண்டாம் படி வளைவுத் துண்டுகள் நான்கு சேர்க்கப்படுகின்றன. அச்சு முனைகள் நான்கிலும் துண்டுகள் வெறுமனே ஒட்டி நிற்கின்றன. ஒரு புள்ளியை இழுத்ததும் ஒட்டு விலகி முனை தெரிகிறது. பிறகு கையால் வடிவத்தை மாற்றப்போகிறீர்கள் என்றால், வரையும்போதே டிஃபார்மபிள் தேர்வை எடுங்கள். அது முறியாமல் வளையும், ஆனால் கணித அளவில் சரியான நீள்வட்டமாக இருக்காது. நெருக்கமான வளைவு மட்டுமே. இரண்டையும் ஒரே நேரத்தில் பெற முடியாது.

ஆட்டோகேடில் ஐசோமெட்ரிக் படத்தில் (மூன்று முகங்களையும் சமமாகச் சாய்த்துக் காட்டும் படத்தில்) வட்டத் துளை வரைய வேண்டும். ஐசோசர்க்கிள் தேர்வு பட்டியலிலேயே வரவில்லை.

ஸ்நாப் முறை ஐசோமெட்ரிக்காக இல்லாவிட்டால் அந்தத் தேர்வு காட்டப்படாது. ஸ்நாப் கட்டளையில் ஸ்டைல் எடுத்து ஐசோமெட்ரிக்காக மாற்றுங்கள். புதிய பதிப்புகளில் கீழே நிலைப்பட்டையில் ஐசோமெட்ரிக் வரைவுப் பொத்தான் உண்டு. பிறகு எலிப்ஸ் கட்டளையில் ஐ தட்டினால் மையமும் ஆரமும் கேட்கும். துளை எந்த முகத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப எஃப்5 விசையால் மேல், வலம், இடம் என்று தளத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தளம் மாற்ற மறந்தால் நீள்வட்டம் முகத்திலிருந்து பிய்ந்து தொங்குவது போலத் தெரியும், உடனே கண்டுபிடித்துவிடலாம்.

50 மி.மீ. விட்டத் துளைக்கு ஆரம் 25 கொடுத்தால், வரும் நீள்வட்டத்தின் நெட்டச்சு 61.24, குற்றச்சு 35.36 என்று இருக்கும். நெட்டச்சு விட்டத்தைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஐசோமெட்ரிக் வரைவில் அச்சுத் திசைகளில் அளவைக் குறைக்காமல் முழு அளவாகவே வைக்கிறோம். அதனால் படம் முழுவதும் 1.2247 மடங்கு பெரிதாகிறது. உண்மையான ஐசோமெட்ரிக் வீழலில் நெட்டச்சு 50-ஆகவே இருக்கும், குற்றச்சு 28.87. முப்பரிமாண மாடலிலிருந்து எடுத்த படத்தையும் கையால் வரைந்த படத்தையும் ஒரே தாளில் வைத்தால் துளைகள் பொருந்தாமல் போவது இதனால்தான்.

நீள்வட்ட வில்லுக்கு 45 பாகை கொடுத்தேன். இன்னொரு மென்பொருளில் திறந்தால் 45 பாகையில் முடியவில்லை.

இங்கே இரண்டு வகைக் கோணங்கள் இருக்கின்றன. ஒன்று மையத்திலிருந்து நேராக அளக்கும் கோணம். மற்றொன்று வளைவின் சமன்பாட்டில் வரும் அளவுரு: கிடைத் தூரம் = 100 × காஸ் அளவுரு, செங்குத்துத் தூரம் = 60 × சைன் அளவுரு. நான்கு அச்சு முனைகளில் மட்டும் இரண்டும் ஒன்றாக இருக்கும். இடையில் வேறுபடும். நம் தகட்டில் அளவுரு 45 என்றால் உண்மையான கோணம் 30.96 பாகைதான்.

ஆட்டோகேட் வில்லுக்கு வழக்கமாகக் கேட்பது உண்மைக் கோணம். பாராமீட்டர் தேர்வை எடுத்தால் அளவுருவைக் கேட்கும். மென்பொருள்களுக்கிடையே படத்தைக் கொண்டுசெல்லும் டி.எக்ஸ்.எஃப். கோப்பிலோ தொடக்கமும் முடிவும் எப்போதும் அளவுருவாகவே, அதுவும் ரேடியனில் எழுதப்படும். முழு நீள்வட்டத்துக்கு 0 முதல் 6.2832 வரை. கோப்பை எழுதவோ படிக்கவோ சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் தடுமாறும் முதல் இடம் இது. உண்மைக் கோணத்திலிருந்து அளவுருவுக்குப் போக, கோணத்தின் டேன் மதிப்பை விகிதத்தால் (இங்கே 0.6) வகுத்து, அதன் தலைகீழ் டேன் எடுங்கள். கால்பகுதி மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீள்வட்டத்தை 10 மி.மீ. உள்ளே ஆஃப்செட் செய்தால் ஸ்பிளைன் (கட்டற்ற வளைவு) ஆகிறது. மென்பொருளில் கோளாறா?

இல்லை, மென்பொருள் சரியாகத்தான் செய்கிறது. நீள்வட்டத்துக்குச் சம தூரத்தில் ஓடும் வளைவு நீள்வட்டமே அல்ல. அதனால் வேறு வகை வளைவாகக் கொடுக்கிறது.

சிலர் ஸ்பிளைன் வேண்டாம் என்று உள்ளே அரையச்சுகள் 90, 50 என்று இன்னொரு நீள்வட்டம் வரைந்துகொள்வார்கள். நான்கு முனைகளிலும் சுவர் 10 மி.மீ. இருக்கும். நடுவில் எங்கோ குறையும், நம் அளவில் மிக மெலிந்த இடத்தில் சுமார் 9.6 மி.மீ. அலங்காரச் சட்டத்துக்கு இது பரவாயில்லை. கேஸ்கெட்டுக்கோ, ஒன்றுக்குள் ஒன்று நுழைய வேண்டிய மூடிக்கோ இது போதாது. நீள்வட்டம் எவ்வளவு தட்டையோ, வித்தியாசம் அவ்வளவு கூடும்.

உள்ளே எவ்வளவு தூரம் ஆஃப்செட் செய்யலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. நெட்டச்சு முனையில் வளைவின் ஆரம் மிகச் சிறியது: அரைக் குற்றச்சின் வர்க்கத்தை அரை நெட்டச்சால் வகுத்தால் அது கிடைக்கும். நம் தகட்டில் 3600 ÷ 100 = 36. இதற்கு மேல் உள்ளே போனால் வளைவு தன்னையே வெட்டிக்கொண்டு மீன்வால் போலாகும், அல்லது மென்பொருள் கட்டளையையே மறுத்துவிடும். இதே எண்தான் உட்பள்ளம் வெட்டும் எண்ட் மில்லின் (சுழன்று வெட்டும் கருவியின்) ஆரத்துக்கும் வரம்பு. 200 × 120 பள்ளத்தில் கவலையில்லை. 200 × 40 பள்ளத்தில் அது 400 ÷ 100 = 4 மி.மீ. 8 மி.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட கருவி அந்த முனைக்குள் இறங்காது. 10 மி.மீ. கருவி போட்டுவிட்டு முனையில் பொருள் மிச்சம் நிற்கிறது என்று நிரலைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆர அளவு போட்டால் வட்டத்தையோ வில்லையோ காட்டச் சொல்கிறது.

நீள்வட்டத்துக்கு ஒரே ஆரம் கிடையாது. அச்சு முனைகளைக் குவாட்ரன்ட் ஸ்நாப்பால் பிடித்து இரண்டு நேர் அளவுகளைப் போடுங்கள். சாய்ந்திருந்தால் அலைன்டு அளவு. பட்டறைக்குப் போகும் படத்தில் நீள்வட்டம் என்று ஒரு சொல்லையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் நேர்ப்பக்கங்களும் அரைவட்ட முனைகளும் கொண்ட ஸ்லாட் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

சுற்றிலும் 12 துளைகள் சம இடைவெளியில் வேண்டும். போலார் அரே சரிவருமா?

வராது. 30 பாகைக்கு ஒன்றாக மையத்திலிருந்து கோடு போட்டு வளைவைத் தொடும் இடத்தில் துளை வைத்தால், நம் தகட்டில் நெட்டச்சு முனைக்கு அருகே இரண்டு துளைகளுக்கு நடுவே 50.1 மி.மீ., அடுத்ததற்கு 42.1, குற்றச்சு முனைக்கு அருகே 32.9 வரும். கண்ணாலேயே தெரியும் வித்தியாசம் இது.

ஆட்டோகேடின் டிவைட் கட்டளையில் 12 கொடுங்கள், சுற்றளவின் மேல் சமமாகப் புள்ளிகளை வைக்கும். புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் புள்ளியின் காட்சி வடிவத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பொருளையே நேரடியாக அடுக்க வேண்டும் என்றால் பாத் அரே. விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே துளைகள் வர வேண்டும் என்றால் முதலில் ஆஃப்செட், அந்த ஆஃப்செட் வளைவின் மேல் டிவைட். வரிசையை மாற்றி, விளிம்பில் பிரித்துவிட்டு மையத்தை நோக்கி 10 நகர்த்தினால் தவறு. விளிம்புக்குச் செங்குத்தான திசை, அச்சு முனைகளைத் தவிர வேறெங்கும் மையத்தை நோக்கிப் போவதில்லை.

சுற்றளவு எவ்வளவு? விளிம்பைச் சுற்றி ஒட்டும் பீடிங் பட்டை வாங்க வேண்டும்.

ஆட்டோகேடில் லிஸ்ட் கட்டளை கொடுத்து நீள்வட்டத்தைக் காட்டினால் பரப்பும் சுற்றளவும் வரும். கணிப்பொறி இல்லாத இடத்தில் ராமானுஜன் 1914-இல் வெளியிட்ட தோராயம் கைகொடுக்கும். இரு அரையச்சுகளின் கூட்டை மூன்றால் பெருக்குங்கள்: 480. பெரியதன் மூன்று மடங்கோடு சிறியதைக் கூட்டினால் 360, சிறியதன் மூன்று மடங்கோடு பெரியதைக் கூட்டினால் 280. இரண்டின் பெருக்குத்தொகையின் வர்க்கமூலம் 317.49. 480-லிருந்து கழித்து பையால் (π) பெருக்கினால் 510.54 மி.மீ. இந்த விகிதத்தில் அது உண்மை மதிப்போடு இரண்டு தசம இடம் வரை ஒத்துப்போகிறது. பரப்பு எளிது: பை × 100 × 60 = 18850 சதுர மி.மீ.

லேசர் கட்டிங் கடையில் கோப்பைத் திறந்தால் நீள்வட்டம் மட்டும் காணோம்.

ஆட்டோகேடில் எலிப்ஸ் என்ற தனிப் பொருள் ஆர்13 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆர்12 வடிவத்தை மட்டும் அறிந்த கட்டிங் மென்பொருள்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தெரியாத பொருளை அவை சத்தமில்லாமல் விட்டுவிடும். இரண்டு வழிகள் உண்டு. கோப்பை ஆர்12 டி.எக்ஸ்.எஃப். ஆகச் சேமித்து அனுப்பலாம், நீள்வட்டம் பாலிலைனாக, அதாவது கோடுகளோ விற்களோ தொடராகச் சேர்ந்த ஒரே பொருளாக, மாறிவிடும். அல்லது வரையும் முன்பே பிஎலிப்ஸ் என்ற மாறியை 1 ஆக்கிவிடலாம். கட்டளையின் பெயருக்கு முன்னால் பி எழுத்து சேர்த்தால் அதுதான். அதற்குப் பின் வரையும் நீள்வட்டங்கள் சிறு வட்ட விற்களால் ஆன பாலிலைனாகவே வரும். ஏற்கெனவே வரைந்தவை மாறா. வில் தேர்வும் அப்போது கிடைக்காது. வேலை முடிந்ததும் 0-வுக்குத் திருப்பிவிட மறக்க வேண்டாம்.

கணினிக் கட்டுப்பாட்டில் வெட்டும் சி.என்.சி. இயந்திரத்துக்கு நீள்வட்டத்தை எத்தனை துண்டுகளாக உடைக்க வேண்டும்?

வழக்கமான இயந்திரங்களில் ஜி01 நேர்கோடு போகும், ஜி02, ஜி03 வட்ட வில் போகும். நீள்வட்டத்துக்கு நேரடிக் குறியீடு கிடையாது. ஆகவே எப்படியும் உடைத்தே ஆக வேண்டும், எவ்வளவு பிழையை ஏற்கிறோம் என்பதே கேள்வி.

அளவுருவைச் சம படிகளாகப் பிரித்து நேர்கோடுகளால் இணைத்தால், மிகப் பெரிய விலகல் நெட்டச்சு முனைகளில் வரும். தேவையான துண்டுகளின் எண்ணிக்கைக்குச் சுருக்கக் கணக்கு: அனுமதிக்கும் பிழையை இரண்டால் பெருக்கி அரை நெட்டச்சால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள், பையை அதனால் வகுங்கள். 0.05 மி.மீ. பிழைக்கு நம் தகட்டில் 100 துண்டுகள், அதாவது 3.6 பாகைக்கு ஒன்று. 0.01 மி.மீ. வேண்டுமென்றால் 223. பிழையை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தும் துண்டுகள் இரண்டேகால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே கூடுகின்றன. ஆயிரக்கணக்கில் உடைத்து இயந்திரத்தைத் திணற வைக்கத் தேவையில்லை.

மேக்ரோவாக எழுதுபவர்கள் அளவுருவை 3.6 ஆகக் கூட்டிக்கொண்டே போய் 360 வந்ததா என்று பார்ப்பதைவிட, 0 முதல் 100 வரை முழு எண்ணாக எண்ணி அதை 3.6-ஆல் பெருக்குவது பாதுகாப்பு. தசமங்கள் சேரச் சேர மிச்சம் விழுந்து, கடைசித் துண்டு வெட்டப்படாமல் நின்றுவிடலாம்.

நான்கு வட்ட விற்களால் நீள்வட்டம் போல வரையலாமா?

வரையலாம், பிழை தெரிந்து வரைய வேண்டும். பழைய வரைபலகை முறை இது. நெட்டச்சு முனையையும் குற்றச்சு முனையையும் இணைக்கும் கோட்டை வரையுங்கள், நீளம் 116.62. அதில் குற்றச்சு முனையிலிருந்து அரையச்சுகளின் வித்தியாசமான 40-ஐக் குறியுங்கள். மீதி 76.62-இன் நடுவில் செங்குத்துக் கோடு போட்டால், அது இரண்டு அச்சுகளையும் வெட்டும் இடங்கள்தான் விற்களின் மையங்கள். நம் தகட்டில் சிறிய ஆரம் 44.68, பெரிய ஆரம் 152.21. விற்கள் தொடுமிடத்தில் முனை தெரியாது. ஆனால் உண்மை நீள்வட்டத்திலிருந்து ஓரிடத்தில் சுமார் 1.3 மி.மீ. வெளியே போகும். மர மேசைக்குப் போதும், பொருத்தும் பாகத்துக்குப் போதாது.

அழுத்தக் கலன்களின் 2:1 நீள்வட்ட மூடி இதற்கு நல்ல உதாரணம். விட்டம் 1000 என்றால் குழிவின் ஆழம் 250. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.-யின் விதிகள் இதற்கு மாற்றாக ஏற்கும் வட்ட வடிவத்தில் கோள ஆரம் விட்டத்தின் 0.90 மடங்கு, மூலை ஆரம் 0.17 மடங்கு. மேலே சொன்ன முறையில் கணக்கிட்டால் 904.5-உம் 172.7-உம் வருகின்றன, ஏறக்குறைய அதே எண்கள். எனவே இத்தகைய மூடியை மாடல் செய்யும் முன், செய்பவர் உண்மை நீள்வட்டமாக அழுத்துகிறாரா, இரண்டு ஆரங்களில் செய்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆழமும் விட்டமும் ஒத்திருந்தாலும் மையத்துக்கும் விளிம்புக்கும் இடையில் ஒட்டும் நாசில்களின் (இணைப்புக் குழாய்களின்) நீளம் மாறும்.

சாய்ந்து போகும் குழாய்க்குத் தகட்டில் துளை எப்படி?

குற்றச்சு குழாயின் வெளி விட்டம். நெட்டச்சு அந்த விட்டத்தை, குழாய் அச்சுக்கும் தகட்டுக்கும் உள்ள கோணத்தின் சைனால் வகுத்தது. 100 மி.மீ. குழாய் 45 பாகையில் நுழைந்தால் 141.42 × 100. 30 பாகைச் சரிவுக் கூரையில் நேராக ஏறும் 150 மி.மீ. புகைக்குழாய்க்குக் கோணம் 60, ஆக 173.2 × 150. தகடு தடிமனாக இருந்தால் துளையின் சுவரும் சாய்ந்திருக்க வேண்டும், அல்லது நெட்டச்சைக் கூட்ட வேண்டும்.

குழாயையே சாய்வாக அறுக்கக் காகித வார்ப்புரு தயாரிப்பவர்கள் இங்கே நீள்வட்டத்தைத் தேடக் கூடாது. அறுத்த வாய் நீள்வட்டம்தான், ஆனால் அதைச் சுருள் பிரித்து விரித்தால் சைன் அலை கிடைக்கும். அதே 45 பாகைக் குழாய்க்கு 314.16 நீளத்தில் ஓர் அலை, மேலும் கீழுமாக 50 மி.மீ.

ஸ்கெட்ச்அப்பிலும் ஓப்பன்ஸ்கேடிலும் நீள்வட்டக் கருவியே இல்லையே?

வட்டத்தை ஒரு திசையில் சுருக்குவதே அங்கே வழி. ஸ்கெட்ச்அப் வட்டம் இயல்பாக 24 பக்கப் பலகோணம். 200 மி.மீ. நீளத்துக்கு அதன் பிழை 0.86 மி.மீ. வட்டம் வரைந்த கையோடு 100 என்று தட்டி எஸ் சேர்த்து எண்டர் கொடுத்துப் பக்கங்களைக் கூட்டிவிட்டு, அதன் பிறகு ஸ்கேல் கருவியால் பக்க நடுப்பிடியை இழுங்கள். ஓப்பன்ஸ்கேடில் ஆரம் 1 உள்ள வட்டத்தை 100 மடங்கு, 60 மடங்கு பெருக்கினால் ஐந்து பக்க உருவம் வரும். பக்க எண்ணிக்கை பெருக்குவதற்கு முந்தைய ஆரத்தை வைத்து முடிவாகிறது. பக்க எண்ணிக்கை மாறியை நீங்களே 100 என்று கொடுத்துவிடுங்கள்.

நீள்வட்ட வில்லை நேர்கோடுகளோடு சேர்த்து ஒரே பாலிலைன் ஆக்க முடியவில்லை.

ஆட்டோகேடில் பாலிலைனுக்குள் நேர்கோடும் வட்ட வில்லும் மட்டுமே இருக்க முடியும். ஜாயின் கட்டளை சேர்த்துக் கொடுக்கும், ஆனால் ஸ்பிளைனாக. எக்ஸ்ட்ரூட் செய்வதற்காகச் சேர்க்கிறீர்கள் என்றால் மூடிய எல்லையை ஒரே பரப்பாக்கும் ரீஜன் கட்டளை போதும்.

திரையில் நீள்வட்டம் பலகோணமாகத் தெரிகிறது.

ஆட்டோகேடில் ரீஜென் கட்டளை கொடுங்கள். காட்சியில் மட்டுமே உள்ள குறை, கோப்பில் இல்லை.

வேறொருவரிடமிருந்து வந்த கோப்பில் இருப்பது உண்மையான நீள்வட்டமா என்று எப்படிச் சோதிப்பது?

ஆட்டோகேடில் கிளிக் செய்து, தோன்றும் பிடிகளை (சிறு சதுரங்களை) எண்ணுங்கள். மையத்தில் ஒன்றும் அச்சு முனைகளில் நான்குமாக ஐந்தே பிடிகள் இருந்தால் நீள்வட்டம். சுற்றிலும் நிறைய இருந்தால் பாலிலைனோ ஸ்பிளைனோ. லிஸ்ட் கட்டளை பெயரையே சொல்லிவிடும். பாலிலைனாக இருந்து, அது நான்கு விற்களால் ஆனதா நெருக்கமான தோராயமா என்று தெரிய வேண்டும் என்றால், மையத்திலிருந்து நெட்டச்சின் மேல் இரண்டு இடங்களில் செங்குத்துக் கோடு போட்டு உயரத்தை அளந்து பாருங்கள். 200 × 120 நீள்வட்டத்தில் 60 மி.மீ. தள்ளி உயரம் 48, 80 மி.மீ. தள்ளி 36. நான்கு வில் உருவத்தில் இவை 47.67 என்றும் 37.2 என்றும் வரும். அப்படி வந்தால் அதைத் திருத்த முயலாமல், அச்சு முனைகளைப் பிடித்துப் புதிதாக ஒரு நீள்வட்டம் வரைந்துகொள்வதே வேகமான வழி.